உன் கைக்குன்னு பாத்த டிரில் மெஷின்

அருமை மகளுக்கு,

அம்மா எழுதுறது. இங்க அப்பாவும் நானும் உடம்பளவுல நல்லா இருக்கோம், மனசளவுல அப்பா மட்டும்தான் நல்லா இருக்கார். நீ ரெண்டு விதத்துலயும் நல்லா இருக்கணும்னுதான் இந்தக் கோவத்துலயும் நினைக்கிறேன், அதுல மாத்தம் இல்ல. அப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணின இடம் ஆறிடுச்சு. டாக்டர் குடுத்த கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டு உலாத்துறார், வெயிலே எட்டிப் பாக்காத கூடத்துல எதுக்கு இந்த வேஷம்னு கேட்டா டாக்டர் சொன்னார்ங்கிறார், டாக்டர் சொன்னது வெளியில போறப்போ போட. சமையலறைக் குழாய் ஒழுகுறது நின்னுடுச்சு, யாரும் வந்து பாக்கல, அதுவா மனசு வெச்சு நின்னுச்சு. கீழ் வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க, போறப்போ வாசல் பல்பைக்கூட கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க, படியிறங்குறப்போ தடவித் தடவித்தான் இறங்குறோம். வீட்டுச் சேதி அவ்வளவுதான், மிச்சமெல்லாம் உன் சேதி. போன்ல பேசியிருக்கலாம்தான். ஆனா போன்ல நான் கத்துவேன், நீ அழுவே, உன் அழுகையை நிறுத்தறதுக்காக நானே சரி விடு பரவாயில்லன்னு சொல்லிடுவேன், போனை வெச்சதுக்கப்புறம் நான் உக்காந்து அழுவேன். நம்ம சண்டையெல்லாம் இப்படித்தான் முடிஞ்சிருக்கு. இந்தத் தடவை பரவாயில்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதனால எழுதுறேன், நீ குறுக்க பேச முடியாது, கடைசி வரைக்கும் படி.

புது வீட்டுல அலமாரி மாட்டணும், வயர் இல்லாத டிரில் மெஷின் ஒண்ணு வாங்கணும், எது வாங்கலாம்னு சொல்லும்மான்னு என்கிட்ட கேட்டியே, அந்த மெஷினை நான் நேர்லயே பாத்துட்டேன். உன் வீட்டுல இல்ல, உன் சித்தி கையில. இப்ப உனக்கு முகம் எப்படி ஆயிருக்கும்னு எனக்கு இங்கிருந்தே தெரியுது. சின்ன வயசுல கண்ணாடி டம்ளரை உடைச்சுட்டு பின்னாடி மறைச்சுக்கிட்டு நிப்பியே, அந்த முகம்.

நீ கேட்ட அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை முதல்ல சொல்லிடுறேன், அப்பதான் மிச்சம் உனக்கு உறைக்கும். ஊர்ல இருக்கிற ஜன்னலுக்கெல்லாம் கர்ட்டன் கம்பியும் ப்ளைண்டும் மாட்டி விடுறவ பொண்ணு நீ, ஆனா அம்மா, இந்த மெஷின் எப்படி ஓடுதுன்னு ஒரு நாள் கேட்டது கிடையாது. அது தப்புன்னு நான் சொல்லல, உனக்கு உன் படிப்பு, எனக்கு என் ஏணி. திடீர்னு நீ கேட்டதும் எனக்குத் தலைகால் புரியல. அப்பாகிட்ட போய், பாத்தீங்களா, நம்ம பொண்ணு என்கிட்டதான் கேக்குறா, கடைக்காரன்கிட்ட கேக்கலன்னு பீத்திக்கிட்டேன். அவர் நியூஸ் பேப்பரை இறக்காமலே நல்லதுன்னார். மறுநாளே வேலைக்குப் போகாம நம்ம டூல்ஸ் கடைக்குப் போனேன், எதைக் கேட்டாலும் வாரண்டி இருக்குன்னு ஆரம்பிப்பாரே, அந்த வாரண்டிக்காரர் கடைக்கு. எனக்கு வாங்க இல்ல, சும்மா எடுத்து எடுத்துப் பாக்க. ஏன்னா எனக்கு எது நல்லதுன்னு என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும், உனக்கு எது நல்லதுன்னு உன் கையா மாறிப் பாத்தாத்தான் தெரியும். மாடிப்படியில விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டு தகடு வெச்சுத் தெச்ச கை அது. அதனால என் கையோட பலத்தையெல்லாம் விட்டுட்டு, ரெண்டு விரலும் கட்டை விரலும் மட்டும் வெச்சு ஒவ்வொரு மெஷினா தூக்கிப் பாத்தேன். வாரண்டிக்காரர் பயந்துட்டார், என்னம்மா கையில அடியான்னு கேட்டார். எனக்கில்ல, என் பொண்ணுக்குன்னு சொன்னேன். கடையில இருந்தவங்க எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க.

அப்புறம் உன்கிட்ட எவ்வளவு நேரம் பேசினேன்னு உனக்கே தெரியும். வோல்ட்டைப் பாத்து மயங்காதே, பன்னெண்டு வோல்ட் உனக்குப் போதும், பதினெட்டு வோல்ட் எடுத்தா பேட்டரியே கல்லு மாதிரி தொங்கும், தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கிறப்போ உன் மணிக்கட்டு கெஞ்சும்னு சொன்னேன். மோட்டார்ல பிரஷ் இல்லாததா பாரு, சூடு கம்மி, பேட்டரியும் நின்னு வேலை செய்யும்னு சொன்னேன். பட்டனை லேசா அழுத்திப் பாரு, மெதுவா சுத்த ஆரம்பிச்சு அழுத்த அழுத்த வேகம் கூடணும், தொட்டதும் பாய்ஞ்சா அதை வெச்சுடுன்னு சொன்னேன். துளை போடுற பிட்டைக் கவ்வுற வாய்க்குச் சக்குன்னு பேர், அதைக் கையாலயே இறுக்குற மாதிரி பாரு, சாவி வேணும்னா ஒரு நாள் சாவி தொலையும், நீ தொலைப்பேன்னும் சொன்னேன். பேட்டரிக்குக்கூட குடும்பம் உண்டு, ஒரு குடும்பத்துப் பேட்டரி இன்னொரு குடும்பத்து மெஷின்ல ஏறாது, பின்னால வேற எதாவது வாங்கணும்னாலும் அதே குடும்பத்துல வாங்குன்னு சொன்னேன், நீகூட சிரிச்சே. சக்குக்குப் பின்னாடி நம்பர் போட்ட ஒரு வளையம் இருக்கும், அது ஸ்க்ரூ எவ்வளவு இறுகணும்ங்கிறதுக்கு, முதல்ல சின்ன நம்பர்ல வை, போதும்னு ஆனதும் கடகடன்னு சத்தம் வரும், பயப்படாதே, அது மெஷின் உன் கையைக் காப்பாத்துற சத்தம், நல்லதுக்குத்தான்னு சொன்னேன். இதையெல்லாம் நீ எழுதிக்கிட்டே. நான் பேசப் பேச நீ ம் ம்னு கொட்டினதும் நடுவுல, இரும்மா, மெதுவா சொல்லுன்னு நிறுத்தினதும் இன்னும் காதுல இருக்கு. எம்பொண்ணு எவ்வளவு பொறுப்பா குறிச்சுக்கிறான்னு நான் பூரிச்சுப் போயிட்டேன். என் தலையில மிளகாய் அரைக்கிறது தெரியாம, கொஞ்சம் தண்ணியும் தெளிச்சுக் குடுத்திருக்கேன் பாரு.

நடுவுல இன்னொண்ணும் நடந்துச்சு. சுத்துறதோட சுத்தியல் மாதிரி அடிக்கவும் செய்யுற ஹாமர் உள்ளது வேணுமா வேண்டாமான்னு சொல்றதுக்கு முன்னாடி உன் சுவர் எப்படின்னு எனக்குத் தெரியணும்னேன். உனக்குச் சொல்லத் தெரியல. சரி, போனைச் சுவத்துக்கிட்ட வெச்சு விரலை மடக்கித் தட்டு, நான் கேக்குறேன்னேன். நீ தட்டினே. டொப்பு டொப்புன்னு கேட்டுச்சு. கொஞ்சம் தள்ளித் தட்டுன்னேன், அங்கயும் அதே சத்தம். உள்ள வெத்திடம், முன்னாடி போர்டு, ஹாமரே வேண்டாம், அடிச்சா போர்டு பொலபொலன்னு உதிரும், உன் கையும் அதிரும்னு சொல்லிட்டேன். பன்னெண்டு வோல்ட், ஹாமர் இல்லாதது, பச்சைக் கலர், கைப்பிடியில கறுப்பு ரப்பர் உள்ளதுன்னு அடையாளம் முதற்கொண்டு சொன்னேன். அன்னைக்கு நிம்மதியா சாப்பிட்டேன்.

இப்ப மத்ததைக் கேளு. சித்தி கொஞ்ச நாளா பல்வலின்னு சொல்லிக்கிட்டிருந்தா. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே வருவா, இன்னைக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார்க்கா, நாளைக்குப் பல்லைப் பிடுங்கப் போறாங்கக்கான்னு அடிக்கடி லீவு. நான்கூட பாவம்னு அவளுக்கு எல்லாத்தையும் குழைய வேக வெச்சு டிபன் கேரியர்ல குடுத்தனுப்பினேன். அவ இல்லாம எனக்கு வேலை ஓடாதுன்னு உனக்குத் தெரியும். அவ அளவெடுத்து பென்சிலால பொட்டு வெப்பா, அந்தப் பொட்டுல நான் துளை போடுவேன், பொட்டு அவ, துளை நான், நாங்க தொழில் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இதுதான் கணக்கு. அவ லீவு போட்ட ஒரு நாள் நான் வீட்டுல பிட்டுங்களைத் துடைச்சு அடுக்கிக்கிட்டிருந்தேன், போன் வந்துச்சு. போன வருஷம் ஒரு வீட்டுல கூடத்துக்கு மாட்டிக் குடுத்தோமே, ஏழாம் மாடி, அந்த அம்மா. உங்க தங்கச்சி இங்க ரொம்பத் தவிக்கிறாங்க, துளையே இறங்க மாட்டேங்குது, நீங்க அந்தப் பெரிய மெஷினை எடுத்துக்கிட்டு வந்துடுங்களேன்னு சொன்னாங்க. பாவம் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நாங்க ரெண்டு பேரும் இன்னும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் கூப்பிட்டிருக்காங்க. எனக்கு முதல்ல அந்தம்மா ஆள் மாறிப் பேசுறாங்களோன்னுதான் தோணுச்சு. என் தங்கச்சி பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கா, உங்க வீட்டுல எப்படி இருப்பான்னு கேக்க வாயெடுத்தேன். அப்ப பின்னாடி மெஷின் சத்தம் கேட்டுச்சு, வாயை மூடிக்கிட்டு பையைத் தூக்கிட்டேன்.

போனேன். படுக்கை அறை, ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல அந்தம்மாவோட அப்பா படுத்திருக்கார், எழுந்து உக்கார முடியாதவர், வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது, அந்தம்மா ஒரு துண்டை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. ஏணி மேல உன் சித்தி. ஜன்னலுக்கு மேல குறுக்க ஓடுற கான்க்ரீட் பீம்ல முட்டிக்கிட்டிருக்கா. பல்லைப் பிடுங்கிக்கப் போறேன்னவ சுவத்துக்குப் பல்லு பிடுங்கிக்கிட்டிருந்தா. துளை நகக்கண் ஆழம்கூட இறங்கல, பிட்டு முனை சூடேறி நீலம் பூத்துப் போச்சு, கருகின வாசனை. கடகடகடன்னு சத்தம் மட்டும் அமோகமா வருது. வளையத்தை ரெண்டாம் நம்பர்ல வெச்சிருக்கா. மெஷின் முடியல, முடியலன்னு வழுக்கிக்கிட்டுக் கத்துது, அவ அதைத்தான் ஹாமர் அடிக்குதுன்னு நினைச்சு இன்னும் அழுத்துறா. கடகடன்னு சத்தம் வந்தா பயப்படாதே, நல்லதுக்குத்தான்னு யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு உனக்குத் தெரியும். அப்பதான் அவ கையைப் பாத்தேன். பச்சைக் கலர், கறுப்பு ரப்பர், பன்னெண்டு வோல்ட். கர்ட்டன் மாட்டுற தொழில் பண்றவங்க ஒருத்தர்கூட கான்க்ரீட்டுக்கு அந்த மெஷினைத் தொட மாட்டாங்க. உலகத்துல அந்த மெஷினை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன். ஆடிப் போயிட்டேன் தெரியுமா? ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவளைப் பிடிக்க இல்ல, நான் விழாம இருக்க.

அவ என்னைப் பாத்து இறங்கினா. நான் ஒண்ணும் கேக்கல, அந்தப் பெரியவர் முகத்துல வெயில் அடிச்சுக்கிட்டிருக்கு, அங்க நின்னு அக்கா தங்கச்சி நாடகம் போட முடியுமா? என் மெஷினை எடுத்து ஏறினேன். அவ கேக்காமலே பேப்பரை மடிச்சு துளைக்குக் கீழ பிடிச்சா, தூசி கட்டில்ல விழாம. எப்பவும் போல, நான் கையை நீட்டினா துளைக்குள்ள திணிக்கிற பிளாஸ்டிக் பிளக், அடுத்து ஸ்க்ரூ, அடுத்து கம்பி. பேச்சே இல்ல, ஆனா வேலை வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. அந்தம்மா வேற, பாத்தீங்களா, நீங்க ரெண்டு பேரும் சேந்தா எவ்வளவு சுலபமா முடியுதுன்னு சொன்னாங்க. கடைசித் துளையில என் பேட்டரி தீந்து போச்சு. திரும்பிப் பாக்காம கையைப் பின்னாடி நீட்டினேன், பழக்க தோஷம். அவளும் பழக்க தோஷத்துல ஒரு பேட்டரியை எடுத்து என் கையில வெச்சா. செருகினேன், ஏறல. திருப்பிச் செருகினேன், ஏறல. அது அவளோடது, வேற குடும்பம். அதைக் கையில வெச்சுக்கிட்டு ஏணி மேல நின்னப்போதான் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. தூசின்னு சொல்லிக்கிட்டேன். என் பையில வேற பேட்டரி இருந்துச்சு, எடுத்துப் போட்டு முடிச்சேன்.

லிப்ட்ல இறங்குறப்போ அவளா ஆரம்பிச்சா. பெரிய பர்னிச்சர் கடை ஒண்ணுல சேந்துட்டாளாம், அவங்க அனுப்புற வீட்டுக்கெல்லாம் இவளே தனியா போய் மாட்டிக் குடுக்கணுமாம், இந்த வீட்டுக்கும் அவங்கதான் அனுப்பினாங்களாம், அடுத்த வாரத்துல இருந்து ஒரு முழு கட்டடம் இவ பொறுப்பாம். இவ்வளவு வருஷமா பொட்டு வெச்சே காலம் போயிடுச்சுக்கா, நீ என்னைக்காவது என் கையில மெஷினைக் குடுத்திருக்கியான்னு கேட்டா. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டின்னேன். கேட்டா குடுக்கிற ஆளா நீன்னா. சரி, போறது போ, தொழில்ல பிரியறவங்க எத்தனையோ பேர், முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போகக்கூடாதா, கமுக்கமா பல்வலின்னு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நடிக்கணுமான்னு கேட்டேன். அதுக்கு அழுதா. அழுதுக்கிட்டே, பொண்ணை ஒண்ணும் சொல்லிடாதேக்கா, அவ மாட்டேன் மாட்டேன்னுதான் சொன்னா, நான்தான் கெஞ்சி உன்கிட்ட கேக்கச் சொன்னேன், நானே உன்கிட்ட கேட்டா எதுக்குன்னு கேப்பே, வாரண்டிக்காரர்கிட்ட கேட்டா சாயங்காலத்துக்குள்ள உன் காதுக்கு வந்துடும்னா. உன்னைக் காப்பாத்துறதா நினைச்சு உன்னைக் காட்டிக் குடுத்துட்டா, பாவம். மெஷினைப் பாத்தப்பவே எனக்கு உறைச்சதுதான், இருந்தாலும் யாராவது இல்லன்னு சொல்ல மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை இருந்துச்சு, அதுவும் லிப்ட் கீழ வந்து நிக்கிறதுக்குள்ள போயிடுச்சு.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். முழுக்கக் கேட்டுட்டு, அந்த மெஷினுக்கு வாரண்டி இருக்கான்னு கேட்டார். நான் பாத்த பார்வையில கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டார். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து, சித்திதானே அவளை வளத்தா, நீ ஏணி ஏறப் போனப்பெல்லாம் அவதானே தலை வாரி விட்டா, அவ கேட்டா இவ எப்படி மாட்டேன்னு சொல்லுவான்னார். எனக்கும் அது தெரியும். சித்தி மேல உனக்கு இருக்கிற பாசத்தை நான் என்னைக்கும் குறை சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன். அவளுக்கு நீ உதவினதுக்காக எனக்குக் கோவம் இல்ல. அம்மா, சித்தி தனியா போகப்போறா, என்னை மெஷின் கேட்டுச் சொல்லச் சொன்னா, நீ கோவப்படாதேன்னு நீ சொல்லியிருந்தா, நான் ஒரு நாள் சாப்பிடாம கிடந்திருப்பேன், ரெண்டு நாள் திட்டியிருப்பேன், அப்புறம் நானே கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். சித்தி போனதுகூட எனக்கு ஆறிடும்போல, அவ போகணும்னு நினைச்சா போறா. நீ செஞ்சதுதான் ஆற மாட்டேங்குது. அவ என் தொழிலை விட்டுத்தான் போனா, நீ என் வாயாலயே அவளை வழியனுப்ப வெச்சே, அதுவும் எனக்கே தெரியாம. நான் கடையில நின்னு உன் உடைஞ்ச கையா மாறி மெஷினைத் தூக்கிப் பாத்துக்கிட்டிருந்தப்போ, அந்தக் கைக்கு அதுல ஒரு வேலையும் இல்லன்னு உனக்குத் தெரியும். போன்ல நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சப்போ நீயும் சிரிச்சே. ஒரு நிமிஷம்கூட உனக்கு நாக்கு குறுகுறுக்கலியா? எப்படிம்மா முடிஞ்சுது உன்னால? மத்தவங்க ஏமாத்தினா ஏமாந்துட்டேன்னு சொல்லிக்கலாம், நீ ஏமாத்தினா நான் என்னன்னு சொல்லிக்கிறது?

நினைச்சா ஒரு பக்கம் சிரிப்பும் வருது. அலமாரியே இல்ல, மாட்டப்போறதா சொன்னது பொய், கேட்டது பொய், எழுதிக்கிட்டதுகூட யாருக்கோ. ஆனா சுவத்தை மட்டும் நிஜமாத் தட்டினே. நான் தட்டுன்னு சொன்னதும் உன்னால பொய்யாத் தட்ட முடியல, எங்கயாவது கெட்டிச் சுவரா பாத்துத் தட்டணும்னு உனக்குத் தோணவும் இல்ல. அந்த ஒரே ஒரு நிஜத்தாலதான் சித்தி தப்பான மெஷினை வாங்கிட்டு ஏழாம் மாடியில மாட்டிக்கிட்டா. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் தொழில் தெரியணும் கண்ணு, உங்க ரெண்டு பேருக்கும் அது வராது.

இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு சித்திக்கு. அந்த மெஷினை வெச்சுக்கிட்டு அவ கான்க்ரீட் பக்கம் போகவே கூடாது. அரைகுறைத் துளையில பிளக்கைத் திணிச்சு கம்பியை மாட்டிட்டு வந்தான்னா ஒரு நாள் அது யார் தலையிலயாவது இறங்கும், அந்தத் தலைக்கு எங்க சண்டையெல்லாம் தெரியாது. நான் அவகிட்ட பேசுறதில்ல, அவளும் வர்றதில்ல, அதனால நீயே சொல்லு. பதினெட்டு வோல்ட், பிரஷ் இல்லாத மோட்டார், கட்டாயம் ஹாமர் உள்ளது, வளையத்துல சுத்தியல் படம் போட்ட இடத்துல வெச்சாத்தான் அது அடிக்கும், கடகடன்னு வழுக்குற சத்தம் ஹாமர் இல்ல. பக்கத்துல பிடிக்க இன்னொரு கைப்பிடி வெச்சு வர்றதா வாங்கணும், ஒரு கையால பிடிச்சா பிட்டு சிக்கினதும் மெஷினே சுத்தி அவ கையை முறுக்கிடும். பிட்டு கான்க்ரீட்டுக்குன்னு இருக்கிறது, முனையில தனியா ஒட்டவெச்ச கெட்டித் துண்டு இருக்கும், மரத்துக்கு வெச்சிருக்கிறதைப் போட்டு அதை நீலம் பூக்க வெக்க வேண்டாம். பேட்டரி ரெண்டு, ஒண்ணு ஓடுறப்போ ஒண்ணு சார்ஜ்ல. ஏணியைப் பிடிக்க ஒரு ஆளை வெச்சுக்கச் சொல்லு, இது ரொம்ப முக்கியம், இத்தனை நாள் அவ ஏணியை அவளே பிடிச்சுக்க வேண்டி வரல. இந்தத் தடவை ஒளிச்சு மறைச்சு எல்லாம் வேண்டாம், அம்மாதான் சொன்னான்னு சொல்லியே சொல்லு. யாருக்குன்னு தெரிஞ்சேதான் சொல்றேன்.

இன்னொண்ணு உனக்கு. அன்னைக்கு நான் உன் மணிக்கட்டு இப்ப எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன். குளிர்ல வலிக்குதும்மா, தண்ணிப் பாட்டிலைத் திறக்கக்கூட முடியல, அதான் லேசான மெஷினா வேணும்னு சொன்னே. உடைஞ்சது நிஜம், ஆஸ்பத்திரியில நான்தானே கூட இருந்தேன். ஆனா இன்னும் வலிக்குதுன்னு சொன்னியே, அது நிஜமா, இல்ல என் வாயை மூடறதுக்காக சித்தி கதையோட சேத்துச் சொன்னதா? எனக்குத் தெரியல. உன் வலி நிஜமா பொய்யான்னு தெரியாம உக்காந்திருக்கிற நிலைமைக்கு நீ என்னைக் கொண்டு வந்துட்டே, இதைத்தான் என்னால தாங்க முடியல. பொய்யா இருந்தா சொல்லிடு, நீ சொன்ன அத்தனை பொய்யிலயும் அது ஒண்ணுக்கு மட்டும் நான் சந்தோஷப்படுவேன். நிஜமா இருந்தா இன்னைக்கே போய் டாக்டரைப் பாரு.

கோவத்தை நான் வெச்சுக்கிறேன், ஆசீர்வாதத்தை உனக்கு அனுப்புறேன், ஒரு குறையும் இல்லாம நல்லா இரு. நேரத்துக்குச் சாப்பிடு, அந்தக் கையை ஊனி எழுந்திரிக்காதே. மத்தது எதுக்கும் இப்ப பதில் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கை வலிக்குதா இல்லையா, அதை மட்டும் ஒரு வரி எழுது.

உன் பதிலை நம்பணும்னு ஆசைப்படுற,
அம்மா